கோழி போன பிறகு எதைப் பார்ப்பது? அறிகுறியை வைத்து எதிரியைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் கூட்டைத் திறந்ததும் கோழி செத்துக் கிடந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது, செத்ததைத் தூக்கி எறிந்து, இறகைக் கூட்டி அள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதுதான். அதோடு தடயமும் போய்விடுகிறது. அப்புறம் ஒருவர் கீரி என்பார், இன்னொருவர் மரநாய் என்பார். ஏதோ ஒரு பொறியை வாங்கி வைப்போம். நாலு நாள் கழித்து அடுத்த கோழி போகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்குள் இல்லாமல் நிலத்திலேயே கொட்டாய் போட்டுக் குடியிருப்பவர்கள் ஏராளம். ஒரு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் கரும்பு, பின்னால் கரடு, கீழே ஏரிக்கரைப் புதர். கோழி மேய இதைவிட நல்ல இடம் கிடையாது. கோழியைத் தின்ன வருகிற உயிர்களுக்கும் இதே இடம்தான் வசதி. ஒவ்வொன்றும் வருகிற நேரம் வேறு, கடிக்கும் இடம் வேறு, விட்டுப் போகும் மிச்சமும் வேறு. எது வந்தது என்று தெரியாமல் செய்கிற செலவு அத்தனையும் வீண்.

பாலக்கோடு பக்கம் எனக்குக் கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுத்த பெரியம்மாவிடம் யார் வந்து கோழி போச்சு என்று புலம்பினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "பகல்ல போச்சா, ராவுல போச்சா? அத மொதல்ல சொல்லு கண்ணு." பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மீதிக்கு, கழுவுவதற்கு முன்னால் கைப்பேசியில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கோழி கிடந்த இடம், காயம், கூட்டின் கதவு, சுற்றியுள்ள மண். இனி அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

இரவில் ஒன்றுக்கு மேல் செத்திருக்கிறது, கழுத்தில் கடி, உடம்பு அப்படியே கிடக்கிறது

பெரும்பாலும் மரநாய். இல்லையென்றால் புனுகுப்பூனை. இரண்டுமே இராத்திரியில்தான் நடமாடும். ரத்தத்தைக் குடித்துவிட்டு உடம்பை விட்டுப் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அது கழுத்தையும் தலையையும் கடித்துத்தான் கொல்கிறது. மூடிய கூட்டுக்குள் மற்றக் கோழிகள் பதறிப் படபடக்கும்போது அதன் கொல்லும் வேகம் அடங்குவதில்லை. அதனால்தான் தின்றது ஒன்றாகவும் செத்தது ஐந்தாகவும் இருக்கும்.

உறுதிப்படுத்த மேலே பாருங்கள். மரநாய் ஏறி இறங்கும் பிராணி. புளியமரப் பொந்து, பனைமட்டை இடுக்கு, ஓட்டு வீட்டுப் பரண் ஆகிய இடங்களில் பகலெல்லாம் தூங்கும். மதில் மேலேயோ பாறை மேலேயோ தண்ணீர்த் தொட்டி விளிம்பிலேயோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது மரநாயுடையதுதான். பழம் அதற்கு முக்கிய உணவு. அதனால் மாம்பழ நாளில் தோப்பு ஓரத்துக் கொட்டாய்களைச் சுற்றி அதன் நடமாட்டம் கூடுதலாகத் தெரியும்.

அது உள்ளே வந்த வழி கதவாக இருக்க வாய்ப்புக் குறைவு. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் காற்றுக்காக விட்ட சந்துதான் வழி. சிமெண்ட் ஷீட்டின் அலை வளைவுக்குக் கீழே இருக்கும் பிறை வடிவ ஓட்டைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலை நுழைந்தால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்துவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பொழுது சாய்ந்த பிறகு கோழிகளை வேறு இடத்தில் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டு, ஒருவர் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று கூரை ஓரம், மூலை, கதவுச் சந்து, தரை ஓரம் என்று டார்ச் அடித்துக்கொண்டே மெதுவாகச் சுற்றி வர வேண்டும். உள்ளே இருட்டில் நிற்பவருக்கு வெளிச்சம் கீறலாகவும் புள்ளியாகவும் தெரியும். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் எலியும் சின்னப் பாம்பும் நுழையும். மூன்று விரல் சேர்ந்து நுழைகிற சந்து ஆபத்தானது, அதில் கீரியை எதிர்பார்க்கலாம். சாக்கட்டியால் குறி போட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே அடைத்துவிடுங்கள். சாக்கைத் திணிப்பதும் துணியைத் திணிப்பதும் வேண்டாம். அரை அங்குலக் கண்ணி வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) வெட்டி, வாஷர் போட்டுத் திருகாணியால் இறுக்குங்கள். காற்றும் வரும், எதுவும் நுழையாது.

கூண்டே இல்லாமல் புளியமரத்தில் கோழி அடைகிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே அடிமரத்தைச் சுற்றி மூன்றடி அகலத் தகரத்தை, தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மேல் வருமாறு கட்டினால் நகம் பிடிக்க இடமிருக்காது. பக்கத்து மரத்தின் கிளையோ கூரையோ அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் கட்டியும் பயனில்லை, முதலில் அந்தக் கிளையை வெட்டுங்கள்.

பகலில், மேய்ந்துகொண்டிருக்கும்போதே கழுத்தைக் கடித்திருக்கிறது

இது கீரி. மரநாய்க்கு நேர்மாறாக, கீரி பகலில் வேட்டையாடுவது. ராத்திரி செத்த கோழிக்குக் கீரியைக் குற்றம் சொல்வதும், பகலில் போனதற்கு மரநாயைத் தேடுவதும் நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது.

கீரி வெட்டவெளியில் ஓடி வந்து பிடிப்பது குறைவு. வேலியோரம், உண்ணிச்செடிப் புதர், அடுக்கிய விறகு, கல் குவியல் என்று மறைவிலேயே நகர்ந்து வந்து கடைசி சில அடியில் பாயும். அதனால் கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதர் இல்லாமல் செதுக்கி வைப்பதே பெரிய மருந்து. விறகு அடுக்கையும் தேங்காய் மட்டைக் குவியலையும் கூட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். அடைக்கோழி படுத்திருக்கும் இடம் தரைமட்டத்தில் இருந்தால் பகலிலும் கதவு வேண்டும். முட்டையில் படுத்த கோழி எழுந்து ஓடாது, உட்கார்ந்தபடியே கடிபட்டுச் சாகும்.

தலையைக் காணோம், உடம்பு கம்பி வலையை ஒட்டிக் கிடக்கிறது

கூட்டுக்குள் எதுவும் வரவே இல்லை. வலைக்கு ஒட்டி உட்கார்ந்திருந்த கோழியின் தலையையோ காலையோ வெளியிலிருந்து பிடித்து இழுத்திருக்கிறது. பூனை, மரநாய் இரண்டுமே இதைச் செய்யும். கடையில் கோழிவலை என்று கொடுக்கிற அறுகோணக் கண்ணி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். எதிரி உள்ளே வராமல் தடுக்க அது போதாது. நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், கண்ணி வழியாகக் கை போகும். கூடு முழுவதற்கும் வெல்டு மெஷ் வாங்க வசதி இல்லையென்றால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டுமாவது உள்பக்கம் அதை அடித்துவிடுங்கள். உட்காரும் கழியைச் சுவரிலிருந்தும் வலையிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி நடுவில் போடுங்கள்.

முழுக் கோழியையே காணோம்

இறகு வரிசையாகச் சிந்திக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். அது ஒரு புதர்ப் பக்கமோ கரும்புத் தோட்டப் பக்கமோ போனால் குள்ளநரி அல்லது காட்டுப்பூனை. நரி விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் வரும், கோழியைக் கழுத்தோடு கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடும். காட்டுப்பூனை ஏரிக்கரைக் கோரையிலும் கரும்பிலும் பதுங்கி வாழ்வது. பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் மறைவிடம் போய்விடுவதால் வீட்டு ஓரம் வரத் துணியும். பக்கத்து வயலில் வெட்டு ஆரம்பித்தால் அன்றிலிருந்து கோழியை அரை மணி முன்னதாகவே அடையுங்கள்.

தடயம் தெரியவில்லையென்றால் சாம்பல் போதும். சலித்த சாம்பலையோ கோலமாவையோ கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தூவிவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்ததும் குனிந்து பாருங்கள். நான்கு விரல், நுனியில் நகம் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல், வட்டமாக, நகம் பதியாமல் இருந்தால் பூனை. சின்னதாக ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி அல்லது மரநாய், அது எது என்பதை நேரம் சொல்லிவிடும். நடுவில் ஒரு கோடு இழுபட்டு இரண்டு பக்கமும் நகக்கீறல் இருந்தால் உடும்பு, வால் இழுபட்ட கோடு அது. வெறும் வளைந்த பட்டைக் கோடு என்றால் பாம்பு.

பூனை மாதிரியே வட்டமான தடம், ஆனால் உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரங்களில் சிறுத்தை இருக்கிறது. அந்தப் பகுதிகள் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியவை. தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நாயை வெளியே கட்டிவைப்பதையும், குழந்தைகளை விடியலில் வெளியே அனுப்புவதையும் நிறுத்துங்கள். கோழிக்கூட்டைப் பலப்படுத்தி இதைச் சமாளிக்க முடியாது.

ஏழெட்டுக் கோழி குதறிக் கிடக்கிறது, தின்னவே இல்லை

நாய். முதுகிலும் பின்பக்கத்திலும் தாறுமாறான கடி, இறகு களம் முழுக்கச் சிதறல், மண் பிராண்டிய இடம். நாய் பசிக்காகக் கொல்வதைவிட ஓடுகிற கோழியைத் துரத்தும் வெறியில்தான் கொல்கிறது. இரண்டு நாய் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒருமுறை ருசி கண்ட கூட்டம் திரும்ப வரும்.

நாய் தோண்டும். அதனால் தடுப்பு மண்ணுக்கடியிலும் இருக்க வேண்டும். கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குக் கம்பி வலையைத் தரையில் படுக்கப் போட்டு, சுவரோடு கட்டி, மேலே கல் வையுங்கள். நாய் சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும், அங்கே வலை காலில் இடறியதும் விட்டுவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. கிரானைட் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுப் பலகைகள் கிடைத்தால் கூட்டின் தரை முழுக்கப் பாவிவிடுங்கள். பெருச்சாளியும் துளைக்காது, நாயும் தோண்டாது, கழுவவும் எளிது. மேலே நான்கு விரல் கனத்துக்கு உமியோ மரத்தூளோ போட்டால் கோழிக்கும் கால் நோகாது.

குஞ்சு பகலில் ஒவ்வொன்றாகக் குறைகிறது

நாட்டுக்கோழி வளர்ப்பில் அதிக இழப்பு இங்கேதான். பத்துக் குஞ்சு பொரித்த பெட்டை ஆறு வாரம் கழித்து மூன்றோடு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். நோயும் எடுக்கும், ஆனால் பகலில் உயிரோடு இருந்தது பொழுது சாயும்போது இல்லையென்றால் வானத்தைப் பாருங்கள்.

பருந்து உயரத்தில் வட்டமிட்டு இறங்கும். வெட்டவெளிதான் அதற்கு வாகு. வல்லூறு வேறு மாதிரி. வேப்பமரத்திலோ மாமரத்திலோ இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து, வேலியைத் தாண்டி ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வல்லூறைத்தான் பார்த்திருப்பார்கள். காகம் பொரித்துச் சில நாளே ஆன குஞ்சை எடுக்கும். செம்போத்து புதருக்குள்ளிருந்து நடந்தே வந்து எடுக்கும். இது தரையில் நடக்கிற பறவை என்பதால் மேலே வலை கட்டியும் இழப்பு நிற்காமல் போனால் அதன் மேல் சந்தேகம் வையுங்கள்.

சேவலும் தாய்க்கோழியும் என்ன சொல்கின்றன என்று காது கொடுத்துக் கேட்டால் எதிரி எங்கிருந்து வருகிறான் என்றே தெரிந்துவிடும். வானத்திலிருந்து ஆபத்து என்றால் ஒரே நீளமான மெல்லிய கீச்சொலி வரும். அடுத்த நொடி அத்தனையும் செடிக்கடியில் ஒடுங்கி அசையாமல் இருக்கும். தரையில் நாயோ கீரியோ பாம்போ என்றால் விட்டுவிட்டுக் கொக்கரித்துக்கொண்டே இருக்கும், கழுத்தை நீட்டி ஒரு பக்கத்தையே பார்க்கும். இந்த இரண்டு சத்தத்தையும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். ஒரு வாரம் கவனித்தாலே பிடிபட்டுவிடும்.

செய்ய வேண்டியது என்ன? முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள்ளேயே (கவிழ்த்து வைக்கும் பெரிய கூடை) வையுங்கள். பஞ்சாரத்தை நிழலில், தினம் ஒரு இடமாக மாற்றி வையுங்கள். அதன் பிறகு ஆறு வாரம் ஆகும்வரை மேலே வலை கட்டிய சின்னப் பட்டி போதும். நாலு கழி, பழைய மீன்வலை ஒன்று. கே.ஆர்.பி. அணையிலும் ஒகேனக்கல்லிலும் மீன்பிடிப்பவர்கள் கழித்துவிடும் வலையைக் கேட்டால் கொடுப்பார்கள். வலையைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள், தரையில் தொங்கவிட வேண்டாம். தொங்குகிற நைலானில் பாம்பு சிக்கிக்கொள்ளும், அதை எடுக்கப் போய் வம்பாகும்.

பட்டிக்கு வெளியே மேய்கிற கோழிகளுக்கு ஒளியத் தாழ்வான மறைவு வேண்டும். ஆமணக்கு, அகத்தி, முருங்கை, கிடத்திய பழைய கூடை, இரண்டு கல் மேல் ஒரு பலகை, எதுவானாலும் சரி. பத்தடிக்கு ஒன்று இருந்தால் ஓடி நுழைந்துகொள்ளும். கீரிக்காகப் புதரைச் செதுக்கச் சொல்லிவிட்டு இங்கே மறைவு வேண்டும் என்கிறேனே என்று தோன்றலாம். கூட்டை ஒட்டி வெட்டவெளி, மேய்ச்சல் இடத்தில் ஆங்காங்கே தாழ்மறைவு, இதுதான் கணக்கு. மறைவு இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், கோழி நுழைந்த வழி அடைபட்டாலும் மறுபக்கம் ஓட வேண்டும்.

பளபளக்கும் சிடித் தட்டு, கறுப்புப் பாலித்தீன் பை, பொம்மை எல்லாம் சில நாள் வேலை செய்யும். பறவைக்குப் பழகிவிட்டால் அதன் மேலேயே வந்து உட்காரும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பயனுண்டு, நிரந்தரத் தீர்வாக நம்ப வேண்டாம். கின்னிக்கோழி இரண்டு வளர்ப்பது அதைவிட மேல். அந்நியமாக எது தெரிந்தாலும் ஊரையே கூட்டும். இரட்டைவால் குருவி கூடு கட்டிய மரம் களத்தோரம் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலத்தில் தன் மரத்தின் பக்கம் வரும் பருந்தையும் காகத்தையும் அது தலைமேல் குத்திக் குத்தித் துரத்தும். அந்த மரத்தடியில் பஞ்சாரத்தை வைத்தால் அதன் காவல் நமக்கும் கிடைக்கும்.

குஞ்சு இரவில் குறைகிறது, அல்லது செத்துக் கிடக்கிறது

செத்த குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையும் கழுத்தும் ஈரத்தில் ஊறியதுபோல் மயிர் படிந்து, தோள் வரை ஒட்டிக்கொண்டு, அதற்குக் கீழே காய்ந்த பஞ்சாக இருக்கிறதா? பாம்பு விழுங்க முயன்று, முடியாமல் துப்பியிருக்கிறது. கடித்த அடையாளம் தேடினாலும் கிடைக்காது. அந்த ஈரக் கோடு ஒன்றே சாட்சி. மற்ற குஞ்சுகளை எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு உள்ளே போயிருக்கும்.

கால்விரல், சிறகு நுனி கொறித்திருந்தால் எலி அல்லது பெருச்சாளி. பெருச்சாளி குஞ்சை வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும், வளை வாயில் இறகு ஒட்டியிருக்கும். பாம்பு வருவதற்கும் காரணம் பெரும்பாலும் எலிதான். சிந்திய கம்பும் ராகியும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். மாலையில் தீனித் தட்டை எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். தீனி மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வையுங்கள். பூண்டும் ரசகற்பூரமும் கார்பாலிக் அமிலமும் பாம்பைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அரை அங்குலக் கண்ணியும் எலியில்லாத களமும்தான் தடுக்கும்.

முட்டை எடுக்கவோ அடைக்கோழியைப் பார்க்கவோ இருட்டில் கையை விடக் கூடாது. முதலில் டார்ச், அடுத்து ஒரு குச்சி, அப்புறம்தான் கை. கடித்துவிட்டால் கயிறு இறுக்குவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு எதிரியைப் பலரும் கவனிப்பதில்லை: எறும்பு. 21ஆம் நாள் முட்டை ஓடு விரிசல் விடும்போது அந்த ஈர வாசத்துக்கு நெருப்பெறும்பு வரிசை கட்டி வந்து, குஞ்சு வெளியே வருவதற்குள் கடித்துக் கொன்றுவிடும். அடைக்கூடையை நான்கு செங்கல் மேல் ஏற்றி, செங்கல்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்துங்கள். கூடை சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

முட்டை போகிறது

ஓடுகூட மிச்சமில்லை என்றால் முழுதாக விழுங்கியிருக்கிறது. நல்ல பாம்பு, சிலசமயம் சாரை, அல்லது உடும்பு. ஓடு நொறுங்கிக் கூட்டுக்கு வெளியே கல்லோரம் கிடந்தால் கீரி. அது முட்டையை முன்னங்காலால் பிடித்துப் பின்பக்கமாகக் கல்லில் வீசி உடைக்கும். ஒரு பக்கம் மட்டும் துளை போட்டு உறிஞ்சியிருந்தால் காகம்.

ஓடு கூட்டுக்குள்ளேயே, வைக்கோலில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தால் வெளியே தேடாதீர்கள், உங்கள் கோழிதான் குடிக்கிறது. மத்தியானம் ஒவ்வொரு கோழியின் அலகையும் பாருங்கள், மஞ்சள் காய்ந்த அலகு ஒன்று அகப்படும். முட்டைக்குள் மிளகாய்த்தூள் அடைத்து வைத்தால் திருந்திவிடும் என்று சொல்வார்கள். பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, அதையும் குடித்துவிட்டுப் போகும். முட்டையிடும் இடத்தை இருட்டாக்குங்கள், காலை, மதியம் இரண்டு வேளையும் முட்டையை எடுத்துவிடுங்கள், கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் பொடியோ தனித் தட்டில் எப்போதும் வையுங்கள். ஓடு கெட்டியானால் தற்செயலாக உடைவதும் குறையும், பழக்கமும் குறையும்.

காயமே இல்லாமல் செத்திருக்கிறது

இது வேட்டை இல்லை. ஆனாலும் பாம்பு கொத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு நோயை விட்டுவிடுகிறோம், அதற்குள் மொத்தமும் போய்விடுகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்து திருகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியிருந்தால் வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்று போட்டு வர வேண்டும். கால்நடைத் துறை ஆண்டுதோறும் இலவசமாகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊராட்சியில் அறிவிப்பு வந்ததும் கோழியைப் பிடித்து வையுங்கள். அவசரம் என்றால் கால்நடை உதவி எண் 1962. குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், ஈரத் தரையால் வருவது, மருந்துக்குக் கேட்கும்.

இரைப்பை முட்ட விதை இருந்து, பல கோழி ஒரே நேரத்தில் செத்தால் மருந்து கலந்த விதையையோ, மருந்தடித்த வயலின் பூச்சியையோ தின்றிருக்கலாம். ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டம் ஓரம் இருப்பவர்கள் பக்கத்து நிலத்தில் மருந்தடிக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றும் மறுநாளும் கோழியை அடைத்து வைப்பது நல்லது. அப்படிச் செத்ததை நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள்.

பின்பக்கம் கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் கீரி என்று அவசரப்படாதீர்கள். இடநெருக்கடியில் கோழிகளே ஒன்றையொன்று கொத்தியும் இப்படி ஆகும். ரத்தம் கண்ட இடத்தை மற்றவை விடாமல் கொத்தும். அடிபட்டதை உடனே பிரித்து வையுங்கள்.

பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் போக மாட்டேன் என்கிறது

பழகிய கூட்டை ஒரு கோழி வெறுத்தால் காரணம் இருக்கும். முதலில் டார்ச் அடித்து உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புத் தீற்றல் பட்டால் செள். பகலில் மரச் சந்தில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் ரத்தத்தைக் குடிக்கிறது. கழியைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சந்துகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். களத்தில் ஒரு குழி தோண்டிச் சாம்பலும் மண்ணும் கலந்து வைத்தால் கோழி தானாகவே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். இதைச் சரி செய்யாவிட்டால் கோழி மரத்தில் ஏறும், அங்கே மரநாய் எடுக்கும்.

எது வந்தாலும் செய்யக் கூடாதவை

செத்த கோழியில் விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி, வேலியில் கரண்ட் விடுவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். விஷம் வைத்தது மரநாய்க்கு என்றாலும் தின்பது மயிலாகவோ பக்கத்து வீட்டு நாயாகவோ இருக்கும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே நிலத்துக்குப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். கீரி, உடும்பு, மரநாய், நரி, பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. கொன்றால் வழக்கு. ஒன்றைக் கொன்றாலும் ஓட்டை அப்படியே இருந்தால் அடுத்தது அதே ஓட்டை வழியாக வரும் என்பதை நான் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

கதவு சாத்தியபடி இருக்கிறது, ஓட்டை இல்லை, இறகு இல்லை, கோழி மட்டும் இல்லை

தாழ்ப்பாளைத் திறந்து, எடுத்துவிட்டு, திரும்பப் போட்டுவிட்டுப் போகிற விலங்கு கிடையாது. ஆடிப் பதினெட்டு, தீபாவளி, ஊர்ப் பண்டிகை நெருங்கும்போது, அதுவும் நல்ல சேவலாகப் பார்த்துப் போயிருந்தால் ஆள்தான். கூட்டை வீட்டிலிருந்து தள்ளி மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் வைத்திருந்தால் படுக்கும் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும் போடுங்கள். கோழிகளின் காலில் நிற வளையம் மாட்டி, எந்த நிறம் எத்தனை என்று எழுதி வையுங்கள். சந்தையில் உங்கள் சேவலை யாராவது விற்றுக்கொண்டிருந்தால் அடையாளம் காட்ட அது உதவும், தினமும் அடைக்கும்போது எண்ணுவதற்கும் அதுவே வசதி.